பெட்டியின் மேல் எழுதிய எண்

தானியம் அளப்பவர்களிடையே முன்பு இரண்டு வழக்கங்கள் இருந்தன. படியின் விளிம்போடு தலை தட்டி அளப்பது ஒன்று; விளிம்புக்கு மேல் கும்பமாகக் குவிய விட்டு அளப்பது மற்றொன்று. இவ்விரண்டில் எதுவும் தன்னளவில் அநியாயமன்று. எந்த முறையில் அளப்பது என்பதை அளப்பவரும் கொள்பவரும் முதலிலேயே பேசி முடித்துக்கொண்டால், அதற்கேற்ப விலையும் படிந்து, வியாபாரம் இனிதே நடந்தேறியது. கும்பமாக அளப்பதாகப் பேசிவிட்டுத் தலை தட்டி அளந்த இடத்தில்தான் களத்துமேட்டில் வழக்கு மூண்டது. அப்போதும்கூட, சந்தேகம் கொண்டவன் மூட்டையை வீட்டுக்குக் கொண்டுபோய்த் தன் சொந்தப் படியால் மறுபடி அளந்து பார்க்கும் சௌகரியம் இருந்தது. நகத்தளவே உள்ள ஒரு சிலிக்கன் சில்லுக்குள் கோடிக்கணக்கான டிரான்சிஸ்டர்களை அடக்கி, அதன் சக்தியை ஒரு பெட்டியின் மேல் நாலைந்து எண்களாக எழுதி விற்கும் இக்காலத்தில், அந்த மறு அளவை என்னும் பாதுகாப்பு வாங்குபவனின் கையை விட்டு ஏறக்குறைய முற்றிலும் நழுவிவிட்டது. அவனுக்கு எஞ்சியிருப்பது அந்த எண்கள் மட்டுமே. ஆகையால், அந்த எண்களை விளம்பரத்தின் அலங்காரமாகக் கருதாமல், முத்திரையிட்ட படிக்கல்லாகவே சட்டமும் சமூகமும் கருத வேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம். அவ்விதம் கருதாததால் விளைந்த ஒரு விவகாரத்தைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன்.

2014-ஆம் ஆண்டு செப்டம்பரில், கலிபோர்னியா மாகாணத்தின் சாண்டா கிளாரா நகரைத் தலைமையிடமாகக் கொண்ட என்விடியா நிறுவனம், ஜீஃபோர்ஸ் ஜிடிஎக்ஸ் 980, ஜிடிஎக்ஸ் 970 என்னும் இரண்டு கிராபிக்ஸ் கார்டுகளை ஒருசேர வெளியிட்டது. முன்னதன் விலை 549 டாலர்; பின்னதன் விலை 329 டாலர். இரண்டும் ஒரே வகைச் சில்லிலிருந்து உருவானவை. மலிவான கார்டில் கணக்கிடும் பகுதிகள் சில குறைவு என்பதை நிறுவனம் ஒளிக்கவில்லை. ஆனால் மற்ற அம்சங்களில், அதாவது 4 ஜிபி மெமரி, 256 பிட் அகலமுள்ள மெமரிப் பாதை, நொடிக்கு 224 ஜிபி வேகம், படத்தின் புள்ளிகளைத் திரைக்கு எழுதி முடிக்கும் 64 அலகுகள், 2 எம்பி கேச் ஆகியவற்றில், இரண்டும் சமம் என்றே விமர்சகர்களுக்கு அளிக்கப்பட்ட அட்டவணை தெரிவித்தது. அந்த அட்டவணையைப் பத்திரிகைகள் அப்படியே அச்சிட்டன. இருநூறு டாலருக்கு மேல் குறைந்த விலையில், மேலான கார்டின் மெமரி முழுவதும் கிடைக்கிறது என்ற எண்ணத்தில், உலகெங்கும் இளைஞர்கள் அதனை விரும்பி வாங்கினார்கள்.

2015 ஜனவரியில், அதைப் பயன்படுத்தியவர்கள் ஒரு விசித்திரத்தைக் கவனித்தார்கள். மெமரியின் உபயோகம் மூன்றரை ஜிபியை எட்டும் வரையில் யாவும் சுமுகமாக நடந்தன. அந்த எல்லையைத் தாண்ட வேண்டிய இடத்தில் கார்டு தயங்கியது. பயனாளர் ஒருவர் எழுதிய சிறு சோதனை நிரலைக் கொண்டு பலரும் தத்தம் வீட்டிலேயே அளந்து பார்த்தபோது, கடைசி அரை ஜிபியின் வேகம் மிகவும் தாழ்ந்து கிடப்பது தெரிந்தது. நழுவிவிட்டதென்று நான் சொன்ன அந்த வீட்டுப் படியை, அறிவும் பொறுமையும் உள்ள சிலர் எவ்வளவோ சிரமத்துடன் மீண்டும் செய்துகொண்டார்கள் என்றே இதனைச் சொல்ல வேண்டும். அதன் பிறகே நிறுவனம் உண்மை அளவுகளை வெளியிட்டது. புள்ளி எழுதும் அலகுகள் 64 அல்ல, 56. கேச் 2048 கேபி அல்ல, 1792 கேபி. மெமரி 4 ஜிபி இருப்பது மெய்யே. ஆயினும் அது நொடிக்கு 196 ஜிபி வேகமுள்ள மூன்றரை ஜிபியாகவும், நொடிக்கு 28 ஜிபி வேகமே உள்ள அரை ஜிபியாகவும் பிரிந்து கிடந்தது.

இது ஏன் இவ்வாறு அமைந்தது என்பதை அறிந்துகொண்டால்தான் குற்றம் எங்கே இருக்கிறது, எங்கே இல்லை என்பது விளங்கும். எட்டு அறைகள் கொண்ட ஒரு நெற்களஞ்சியத்தை மனத்தில் கொள்வோம். ஒவ்வோர் அறைக்கும் ஒரு வாயில். ஒவ்வொரு வாயிலிலும் நெல்லை எடுத்துக் கொடுக்க ஓர் ஆள். அந்த அறைதான் அரை ஜிபி மெமரி. அந்த வாயில்தான் 256 கேபி கேச்சும் அதனோடு பிணைந்த எட்டு அலகுகளும். எட்டு வாயில்களும் திறந்திருந்தால் எட்டு ஆட்களும் ஒரே சமயத்தில் நெல் எடுக்கலாம். மொத்த வேகம் 224. சில்லு தயாரிப்பில் சிறு பழுதுகள் தவிர்க்க முடியாதவை. பழுதுபட்ட பகுதியை அணைத்துவிட்டு எஞ்சியதைக் குறைந்த விலைக்கு விற்பது இத்தொழிலில் நெடுங்காலமாக உள்ள, எவ்விதத்திலும் கண்டிக்கத் தகாத வழக்கம். அதனால்தான் எளியவர்களுக்கும் நல்ல கார்டு கிடைக்கிறது. 970-இல் எட்டாவது வாயில் அடைக்கப்பட்டது. முந்தைய தலைமுறைச் சில்லுகளில் ஒரு வாயிலை அடைத்தால் அடுத்த அறையையும் சேர்த்தே இழக்க வேண்டியிருந்திருக்கும். கார்டு 3 ஜிபியோடும் 192 பிட் பாதையோடும் நின்றிருக்கும். என்விடியாவின் பொறியாளர்களோ, எட்டாவது அறையின் நெல்லை ஏழாவது அறையின் வாயில் வழியாகவே வெளியே கொண்டுவர ஓர் உள்வழியை அமைத்தார்கள். ஏழு வாயில்களுக்கு ஏழு 28 என 196. எட்டாவது அறையைத் தேடிப் போகும்போது ஏழாவது அறையின் ஆள் தன் வேலையை நிறுத்திக் காத்திருக்க வேண்டும். அதனால் நொடிக்கு 224 ஜிபி என்று அச்சிட்ட வேகத்தில் எல்லா மெமரியையும் ஒருங்கே வாசிப்பது அந்தக் கார்டுக்கு அசாத்தியம்.

இந்த ஏற்பாட்டைச் செய்தவர்களின் புத்தி நுட்பத்தை நான் மனமாரப் பாராட்டுகிறேன். மூன்று ஜிபியோடு முடிந்திருக்க வேண்டிய கார்டை அவர்கள் மூன்றரைக்கும், மெதுவாகவேனும் நான்குக்கும் உயர்த்தினார்கள். இந்தச் செய்தியை உள்ளபடியே முதல் நாளிலேயே சொல்லியிருந்தால் வாங்குபவர்கள் அதனை மெச்சியிருப்பார்கள். சிலர் 329 டாலர் கொடுத்திருப்பார்கள், சிலர் வேறு கார்டை நாடியிருப்பார்கள். எவரும் நீதிமன்றத்தின் வாசலை மிதித்திருக்க மாட்டார்கள். ஒரு நல்ல வேலை, அதைப் பற்றிச் சொல்லாமல் விட்டதால் மோசடி என்ற பெயரைச் சுமந்தது என்பதே இவ்விவகாரத்தில் எனக்கு மிகவும் வருத்தமளிக்கும் விஷயம்.

நிறுவனம் இரண்டு சமாதானங்களைக் கூறியது. பொறியியல் பிரிவுக்கும் விளம்பரப் பணியைக் கவனிக்கும் தொழில்நுட்பப் பிரிவுக்கும் இடையே செய்தி சரிவரப் போய்ச் சேரவில்லை என்பது முதலாவது. பிப்ரவரி 24-ஆம் தேதி வெளியான பகிரங்கக் கடிதத்தில், நிறுவனத்தின் தலைவர் ஜென்சன் ஹுவாங், புதிய அமைப்பை உள்ளேயும் வெளியேயும் தெளிவாக விளக்கத் தவறியதை ஒப்புக்கொண்டு, இனி இவ்வாறு நேராது என்று உறுதி கூறினார். இதனை நான் நல்லெண்ணத்தோடே ஏற்கிறேன். ஆயினும், சில்லைச் செய்தவர்களுக்குத் தெரிந்த ஓர் உண்மை, அதனை உலகுக்கு விவரித்தவர்களுக்கு நான்கு மாத காலம் தெரியாமல் இருந்தது என்றால், அந்த அட்டவணையை அச்சுக்கு அனுப்பும் முன் பொறியாளர் ஒருவரின் பார்வைக்கு வைக்க வேண்டுமென்ற நியதியே அங்கு இருக்கவில்லை என்றுதானே பொருள்? மருந்துப் புட்டியின் மேல் ஒட்டும் சீட்டை, மருந்து கலந்தவர் பார்க்காமல் ஒட்டுவதை நாம் அனுமதிப்போமா?

இரண்டாவது சமாதானம் இன்னும் கூர்ந்து ஆராயத் தக்கது. மெமரி மூன்றரை ஜிபியைத் தாண்டும் நிலையில் 980-உடன் ஒப்பிட்டால், 970-இன் செயல்திறனில் ஏற்படும் கூடுதல் தாழ்வு 1 முதல் 3 சதவீதம் வரைதான் என்று நிறுவனம் அளவுகளைக் காட்டியது. விமர்சகர்கள் வெளியிட்ட சோதனை முடிவுகள் பொய்யல்ல. கார்டு அன்றும் அதே வேகத்தில்தான் ஓடியது. பிறகு என்ன நஷ்டம் என்பது இந்த வாதத்தின் சாரம். கேட்பதற்கு நியாயமாகவே தொனிக்கிறது. ஆனால் 4 ஜிபி மெமரி என்று பார்த்து ஒருவன் கார்டு வாங்குவது இன்றைய விளையாட்டுக்காக மட்டும் அல்ல. இன்று 3 ஜிபி போதும். இரண்டு வருஷங்களுக்குப் பின் வரும் விளையாட்டுகளின் காட்சிகள் விரிவடையும், திரைகள் பெரிதாகும், அப்போது அந்த நான்காவது ஜிபி கைகொடுக்கும் என்று கணக்கிட்டே அவன் பணத்தைச் செலவிடுகிறான். இன்று வீட்டில் மூன்று பேர் இருக்கையில் நாளை வரப்போகும் மருமகளையும் பேரனையும் எண்ணி ஓர் அறை கூடுதலாகக் கட்டுகிறவனிடம், அந்த அறை இன்று காலியாகத்தானே கிடக்கிறது, அதன் கதவு திறக்காவிட்டால் உனக்கென்ன என்று கேட்பது முறையாகாது. மேலும், எந்த அம்சம் தனக்கு முக்கியம் என்று தீர்மானிக்கும் உரிமை வாங்குபவனுடையது. நீ கேட்ட பொருள் இதுவன்று, ஆயினும் உனக்கு இதுவே போதும் என்று விற்பவர் முடிவு செய்வது, அந்த முடிவு சரியாகவே இருந்தாலும், அவனுடைய சுதந்திரத்தைப் பறிப்பதாகும்.

அந்த பிப்ரவரியிலேயே வடக்குக் கலிபோர்னியாவின் மத்திய மாவட்ட நீதிமன்றத்தில், என்விடியாவின் மீதும், அதன் சில்லைக் கொண்டு கார்டு செய்து விற்ற ஒரு நிறுவனத்தின் மீதும், வாங்கியவர்கள் அனைவரின் சார்பாகவும் வழக்குத் தொடரப்பட்டது. 2016 ஜூலையில் சமரசம் ஏற்பட்டது. கார்டு ஒன்றுக்கு 30 டாலர். வழக்கறிஞர்களுக்கு 13 லட்சம் டாலர். நிறுவனம் குற்றத்தை ஒப்புக்கொள்ளவில்லை. எட்டில் ஒரு பங்கு மெமரி பெயரளவில் போன இடத்தில், விலையில் பத்தில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவான தொகை கிடைத்ததென்று பார்த்தால், அந்தப் பரிகாரத்தை அற்பம் என்று தள்ளிவிட மாட்டேன். ஆனால் அது அமெரிக்காவில் வாங்கியவர்களுக்கு மட்டுமே உரியது. அதே பெட்டியை, அதே எண்ணை நம்பி, இறக்குமதி வரியும் சேர்த்துக் கூடுதல் விலை கொடுத்துச் சென்னை ரிச்சி தெருவில் வாங்கிய ஒரு மாணவனுக்கு அந்தச் சமரசத்தில் இடமில்லை. அதைவிடப் பெரிய குறை ஒன்றும் உண்டு. சமரசம் என்பதால் தீர்ப்பு எழுதப்படவில்லை. 4 ஜிபி என்று அச்சிட்டால் அந்த நான்கும் ஒரே வேகத்தில் எட்டக்கூடியதாக இருக்க வேண்டுமா, வேண்டாமா என்ற மூலக் கேள்விக்கு எந்த நீதிபதியும் விடை சொல்லவில்லை. அடுத்து வருகிறவன் கைகாட்ட ஒரு முன்மாதிரி இல்லாமல் போயிற்று.

கணினி உலகில் இதே கதி மறுபடியும் நேர்ந்தது. ஏஎம்டி நிறுவனம் 2011 முதல் விற்ற எஃப்எக்ஸ் பிராசசர்களில் எட்டு கோர்கள் உண்டு என்று விளம்பரம் செய்தது. அவை உண்மையில் இரண்டிரண்டாகப் பிணைக்கப்பட்டு, தசம எண்களைக் கணக்கிடும் பகுதியை ஒவ்வொரு ஜோடியும் பொதுவாகப் பகிர்ந்துகொண்டன. அவற்றை எட்டு என்று எண்ணுவதா, நான்கு என்று எண்ணுவதா என்று 2015-இல் எழுந்த வழக்கும் 2019-இல் 1 கோடியே 21 லட்சம் டாலர் சமரசத்தில் முடிந்தது. கோர் என்றால் என்ன என்பதற்கு இலக்கணம் வகுக்கப்படாமலே போயிற்று. ஹார்ட் டிஸ்க் விஷயத்தில் மட்டும் ஓரளவு நன்மை விளைந்தது. ஒரு ஜிகாபைட் என்பதைத் தயாரிப்பாளர்கள் நூறு கோடி பைட் என்று எண்ண, விண்டோஸ் அதனை 1024-இன் மடங்குகளாக எண்ணியதால், 500 ஜிபி என்று வாங்கிய டிஸ்க் கணினியில் 465 என்று காட்டியது. தலை தட்டிய படிக்கும் கும்பமான படிக்கும் உள்ள வேற்றுமை இதுவேயன்றி வேறில்லை. 2006-இலும் 2007-இலும் வெஸ்டர்ன் டிஜிட்டல், சீகேட் ஆகிய நிறுவனங்கள் இது பற்றிய வழக்குகளைச் சமரசம் செய்துகொண்டன. வாங்கியவர்களுக்குக் கிடைத்தது சொற்பமே. ஆயினும் ஒரு ஜிபி என்றால் நூறு கோடி பைட் என்ற சிறு விளக்கம் இன்று டிஸ்க் பெட்டிகளில் சாதாரணமாகக் காணப்படுகிறது. எந்தப் படியால் அளக்கிறோம் என்பதைச் சொல்லிவிட்டார்கள். நான் வேண்டுவதும் அதுவே.

எண்களில் பொய் சொல்லாமல், பெயரினாலேயே மயக்கம் விளைவிப்பது இன்னொரு வகை. 2022 செப்டம்பரில் ஆர்டிஎக்ஸ் 4080 என்ற ஒரே பெயரில் இரண்டு கார்டுகள் அறிவிக்கப்பட்டன. ஒன்று 16 ஜிபி, மற்றது 12 ஜிபி. மெமரி ஒன்றில்தான் வேற்றுமை என்று எவரும் நினைப்பார்கள். உள்ளே இருந்த சில்லோ வேறு. முன்னதில் 9728 கோர்கள், பின்னதில் 7680. எதிர்ப்பு வலுத்ததும், அக்டோபர் 14-ஆம் தேதி, விற்பனைக்கு வரும் முன்பே 12 ஜிபி கார்டை என்விடியா திரும்பப் பெற்றுக்கொண்டது. பெயர் சரியாக அமையவில்லை என்று வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டது. பாராட்டத்தக்க செயல்தான். ஆனால் பிறகு நடந்ததையும் கவனிக்க வேண்டும். 899 டாலர் என்று அறிவிக்கப்பட்டிருந்த அதே கார்டு, 2023 ஜனவரியில் 4070 டிஐ என்ற பெயரில் 799 டாலருக்கு வெளிவந்தது. சில்லில் மாறுதல் இல்லை; மெமரியில் மாறுதல் இல்லை; மாறியது பெயர் ஒன்றே. ஒரு பெயரின் விலை நூறு டாலர் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

லேப்டாப் கடைகளில் இந்தப் பெயர் மயக்கம் இன்னும் நீங்கவில்லை. மேசைக் கணினிக்குரிய ஆர்டிஎக்ஸ் 4090-இல் 16384 கோர்களும் 24 ஜிபி மெமரியும் உண்டு. அதற்கு 450 வாட் மின்சாரம் வேண்டும். லேப்டாப்பில் அதே 4090 என்ற பெயரோடு வருவதில் 9728 கோர்களும் 16 ஜிபியுமே உள்ளன. அதுவும் லேப்டாப் செய்பவர் அனுமதிக்கும் மின்சாரத்தைப் பொறுத்து 80 வாட்டிலிருந்து 150 வாட் வரையில் எதுவாகவும் இருக்கலாம். மெலிந்த லேப்டாப்பும் கனத்த லேப்டாப்பும் ஒரே பெயரைச் சூடி, ஒரே அலமாரியில், வெகுவாக வேறுபட்ட சக்தியோடு அருகருகே வீற்றிருக்கின்றன. கடனுக்கு வாங்கிக்கொடுக்கும் தகப்பனாருக்கு அந்த வாட் கணக்கு எங்கே தெரியப்போகிறது? பெயருக்குப் பின்னால் லேப்டாப் என்று ஒரு சொல் சேர்க்கப்பட்டிருக்கிறது என்பதை நிறுவனங்கள் சுட்டிக்காட்டக் கூடும். பட்டையும் சீட்டும் ஒட்டிய அந்த லேப்டாப்பின் மேல், பெயர் எழுதப்படும் அதே அளவு எழுத்தில் வாட்டும் எழுதப்பட வேண்டும் என்று கோருவது மிகையாகாது.

பழுது நேர்வதற்கும் சொல் தவறுவதற்கும் உள்ள பேதத்தை நாம் மறந்துவிடவும் கூடாது. 2025 பிப்ரவரியில், ஆர்டிஎக்ஸ் 5090 கார்டுகள் சிலவற்றில் புள்ளி எழுதும் அலகுகள் 176-க்குப் பதிலாக 168 மட்டுமே இருப்பது, இலவசமாகக் கிடைக்கும் ஒரு சோதனை நிரலின் மூலம் வெளிப்பட்டது. அரை சதவீதத்துக்கும் குறைவான கார்டுகளில் இக்குறை உள்ளது, சராசரியாக 4 சதவீதத் திறன் குறையும், மாற்றித் தருவோம் என்று என்விடியா அறிவித்தது. அச்சிட்ட எண்ணே சரி, கார்டுதான் தவறு என்று ஏற்றுக்கொண்டு, கார்டை எண்ணுக்கு ஒப்பக் கொண்டுவருவது நேரிய வழி. பத்து வருஷங்களுக்கு முன் 970 விஷயத்தில் அவ்விதம் மாற்றித் தர வழியே இல்லை; ஏனெனில் உலகிலுள்ள எல்லாக் கார்டுகளும் அப்படியே பிறந்தவை. ஆனால் இரண்டு சந்தர்ப்பங்களிலும் குறையைக் கண்டது வெளியிலிருந்தவர்கள்தாம் என்பதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அளந்து பார்க்கத் தெரிந்த அந்த ஒரு சிலர் இல்லாதிருந்தால், தெரியாத லட்சக்கணக்கானோர் இன்னும் அறியாமலே இருந்திருப்பார்கள்.

நம் நாட்டுச் சட்டம் இவ்விஷயத்தில் பலவீனமானது அல்ல. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், விளம்பரம் என்ற சொல்லில் பொருளின் சீட்டையும் மேலுறையையும் இணையதளத்தையும் வெளிப்படையாகவே அடக்கியிருக்கிறது. பொருளின் தன்மை, அளவு, தரம் ஆகியவற்றைப் பற்றி வாங்குபவரைத் தவறாக எண்ணச் செய்யக்கூடிய விளம்பரம், தவறாக வழிநடத்தும் விளம்பரம் என்பது அதன் வரையறை. முக்கியமான தகவலை மறைப்பதைப் பற்றிப் பேசும்போதுதான் வேண்டுமென்றே என்ற சொல்லைச் சட்டம் பயன்படுத்துகிறது. பொருளைத் தவறாக வர்ணிப்பதைப் பற்றிப் பேசும்போது அந்தச் சொல் இல்லை. ஆகவே, எங்கள் பிரிவுகளுக்குள் செய்தி போய்ச் சேரவில்லை என்ற சமாதானத்துக்கு இங்கே இடம் மிகக் குறைவு என்றே நான் கருதுகிறேன். ஒரே குறையால் பாதிக்கப்பட்ட பலருக்காக ஒருவரே முறையீடு செய்யவும் வழி இருக்கிறது. 2020-இல் நிறுவப்பட்ட மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் எவருடைய புகாரையும் எதிர்பாராமல் தானாகவே விசாரிக்கலாம். முதல் தவறுக்கு 10 லட்சம் ரூபாய் வரையிலும், மீண்டும் செய்தால் 50 லட்சம் வரையிலும் அபராதம் விதிக்கலாம்.

பொட்டலத்தில் உள்ள துவரம்பருப்பு எத்தனை கிராம் என்று எழுதாமல் விற்க நம் எடையளவுச் சட்டம் இடம் கொடுப்பதில்லை. எழுதிய கிராமுக்குக் குறைந்தால் ஆய்வாளர் வந்து கேட்கிறார். நூறு ரூபாய்ப் பருப்புக்கு உள்ள இந்தக் காவல், ஒரு லட்சம் ரூபாய் லேப்டாப்பின் சில்லுக்கு இல்லை. மெமரி எவ்வளவு, அதில் ஒரே சமயத்தில் முழு வேகத்தோடு எட்டக்கூடியது எவ்வளவு, கோர்கள் எத்தனை, எத்தனை வாட் மின்சாரம் என்ற நான்கு செய்திகளையும் பெயருக்கு அடுத்த வரியிலேயே அச்சிட வேண்டுமென்று ஆணையமும் எடையளவுத் துறையும் சேர்ந்து ஒரு விதி செய்ய வேண்டும். அந்த எண்களை நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர் தம் கையொப்பத்தோடு சான்றளிக்க வேண்டும். அட்டவணையில் பிழை கண்டால், கண்ட நாளிலிருந்து முப்பது நாட்களுக்குள் பெட்டியைத் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் பெறும் உரிமை, அதை அமெரிக்காவில் வாங்கினவனுக்கு எப்படியோ, ரிச்சி தெருவில் வாங்கினவனுக்கும் அப்படியே இருக்க வேண்டும்.